பழுப்புத் தாள் உறையைத் தாமே பிரித்த தலைமைக் கிராணி திரு. கதிர்காமநாதன் அவர்களுக்குப் பணியாளர் படித்தளித்த மடல்

பண்பின் பெட்டகமே! பதிவேடுகளின் பாதுகாவலரே! பச்சை மைப் பேனாவின் தனிப்பெரும் தலைவரே! காலை ஏழு ஐம்பதுக்கே வாசலில் நின்று, எட்டு மணிக்குச் சரியாக வரும் எங்களையும் தாமதமாக வந்தவர்கள் போல் தலைகுனிய வைத்த காலக் காவலரே! கசங்கிய தாளையும் கைவிடாத கருணையாளரே! கட்டைவிரல் அளவே எஞ்சிய பென்சிலுக்கும் காகிதத்தைச் சுற்றி ஆயுள் கூட்டிய அருளாளரே! எழுத்தர்களுக்கெல்லாம் எழுத்தரான எங்கள் தலைமைக் கிராணி, திரு. கதிர்காமநாதன் அவர்களே! பழைய பதிவேடுகள் காப்பகத்தின் பணியாளர்கள் தங்களைப் பணிந்து வணங்குகிறோம்.

விடைபெறுபவரின் பிரிவால் பணியாளர் அனைவரும் கண்ணீர்க் கடலில் மிதப்பதாக இத்தகைய மடல்களில் எழுதுவது வழக்கம். நாங்கள் அவ்வாறு எழுதத் துணியவில்லை. தாங்கள் இன்று மாலை நாலேகால் வரை பணியில் இருக்கிறீர்கள். எழுதியதற்கு ஆதாரம் கேட்பீர்கள். ஆகவே உள்ளது உள்ளபடி எழுதுகிறோம். எங்கள் மனநிலை பெரும்பாலும் நிம்மதி. இந்த நிம்மதி எத்தகையது, 'பெரும்பாலும்' என்ற சொல் எதற்காக என்பதை விளக்குவதே இம்மடலின் நோக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றாம் ஆண்டு, தங்கள் இருபதாம் வயதில், வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக இவ்வலுவலகத்துள் அடியெடுத்து வைத்தீர்கள். அதன்பின் கொடி மாறியது. நாணயம் மாறியது. கோப்புகளின் மொழி மாறியது. மின்விசிறி மூன்று முறை மாறியது. தங்கள் அலுமினிய மதிய உணவுப் பெட்டி மட்டும் மாறவில்லை. சென்ற ஆண்டு பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பாலம் திறந்தபோது ஊரே காரேறிப் போய் அதைப் பார்த்து வந்தது. தாங்கள் மறுநாளும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியிலேயே வந்தீர்கள். காரணம் கேட்டோம். "முதல்ல அது கொஞ்ச நாள் நிக்கட்டும், பாப்பம்" என்றீர்கள். எதையும் சரிபாராமல் ஏற்காத தங்கள் இயல்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

தங்கள் சிக்கனத்தைச் சொல்ல இம்மடலின் தாள் போதாது. போதாது என்றால் பின்பக்கத்தில் எழுதச் சொல்வீர்கள். வந்த உறையை உள்வெளியாகத் திருப்பி மறுபடி அனுப்பினீர்கள். கார்பன் தாளை எழுத்து தெரிகிற வரை அல்ல, எழுத்து இருப்பதாக நம்ப முடிகிற வரை பயன்படுத்தினீர்கள். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி வாரம், மதிய உணவுக்குப் பின், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் அமர்ந்து, காப்பகத்தின் கிழிந்த பதிவேடுகளுக்கெல்லாம் பழுப்புத் தாளில் உறை போட்டீர்கள். பள்ளி திறக்கும் வாரத்தில் பிள்ளைகளின் புத்தகங்களுக்கு வீட்டில் போடுவார்களே, அதே உறை. தாள் வாங்கியதல்ல, ஆண்டு முழுதும் தபாலில் வந்த பெரிய உறைகளைப் பிரித்துத் தேய்த்து அடுக்கி வைத்தது. மூலைகளை முக்கோணமாக மடித்து, சணல் கயிற்றை இருமுறை சுற்றி, முடிச்சின் வாலை உள்ளே செருகினீர்கள். அம்முடிச்சைப் போட வேறு எவருக்கும் அனுமதி இல்லை. ஒருமுறை எங்கள் பியூன் சீனி முகம்மது தாமாகவே இரண்டு பதிவேடுகளைக் கட்டி வைத்தார். தாங்கள் இரண்டையும் அவிழ்த்து மறுபடி கட்டினீர்கள். அன்று முதல் அவர் அந்த முடிச்சைத் தொட்டதில்லை. ஆனால் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். இது பின்னால் பயன்பட்டது.

தங்கள் பணிகளில் தலையாயது மறுபரிசீலனை. பொதுமக்கள் ஒருவர் பழைய பதிவேடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, முகப்பில் அதை மறுத்துவிட்டால், அம்மறுப்பு சரிதானா என்று பார்த்துத் தருமாறு மஞ்சள் விண்ணப்பப் பாரம் நிரப்பலாம். அந்தப் பாரம் தங்கள் மேசைக்கு வரும். பதினோரு ஆண்டுகளில் நூற்று நாற்பத்து மூன்று மறுப்புகளை ஆராய்ந்தீர்கள். நூற்று நாற்பத்தொன்றின் அடியில் "மறுப்பு சரி" என்று பச்சை மையில் எழுதினீர்கள். மற்ற இரண்டில் பதிவேடு மழையில் நனைந்து, மறுப்பதற்கே ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருந்தது. அலுவலகம் மறுத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும் என்பது தங்கள் நம்பிக்கை. எனினும் ஒரு பழக்கத்தைத் தாங்கள் ஒருநாளும் விட்டதில்லை. மறுக்கப்பட்ட பொருளை எடுத்துவரச் செய்து, மேசைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதைக் கண்ணால் காணாமல் கையெழுத்திட்டதில்லை. "இல்லை எண்டு சொல்லுறதெண்டாலும் எதை இல்லை எண்டுறம் எண்டு பாக்க வேணும்" என்பீர்கள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். அதற்காக இங்கே எழுத்துமூலம் வருந்துகிறோம்.

இனி, இந்த ஆண்டு சனவரியில் வந்த அம்மையாரின் கதை.

நவமணி என்ற அவர், லிட்டில் இந்தியாவில் மசாலாக் கடை ஒன்றில் மிளகாய் அரைப்பவர். சுங்கை பினாங்கில் பலகை வீட்டில் இருப்பவர். வயது நாற்பத்தாறு. அவர் உள்ளே நுழைந்ததும் அலுவலகம் முழுதும் வரிசையாகத் தும்மியது. சிம்பாங் அம்பாட் அருகே முன்பு இருந்த கல்லுமேட்டு ரப்பர்த் தோட்டத்து மருந்தகத்தின் பிறப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். முகப்பில் இருந்த எழுத்தர் ஜெயராஜ் உள்ளே போய்ப் பார்த்தார். பதிவேடு இருந்தது. அதன் உறைமேல் சிவப்பு மையில் 'சுலிட்' என்ற முத்திரை இருந்தது. மலாய் மொழியில் இரகசியம் என்று பொருள். ஜெயராஜ் வெறுங்கையோடு திரும்பினார்.

"அக்கா, அது ரகசியம் அக்கா. காட்ட முடியாது லா."

"என்னா ரகசியம் தம்பி?"

"அது தெரிஞ்சா அப்புறம் எப்படிக்கா ரகசியம்?"

"நான் பொறந்தது எங்க ஆத்தாவுக்குத் தெரியும். மருத்துவச்சிக்குத் தெரியும். தோட்டத்து லயத்துல இருந்த அம்பது குடும்பத்துக்கும் தெரியும். கவர்மெண்டுக்கு மட்டும் எப்படி ரகசியமாச்சு?"

பதில் இல்லாத இடங்களில் எழுதுவதற்கென்று அச்சடித்த கடிதம் ஒன்று நம்மிடம் உண்டு. ஜெயராஜ் அதை எடுத்து நிரப்பினார். அதுவரை அந்தப் பதிவேட்டைக் கேட்டு வந்த பதினாறு பேரும் அக்கடிதத்தை வாங்கிக்கொண்டு, சிவப்புச் சொல்லைக் கண்டு பயந்து, மறுபரிசீலனை கேளாமல் போனவர்கள். பதினேழாமவர் போகவில்லை. கடிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "சரி தம்பி. இந்த முடியாதுக்கு மேல யாரு இருக்கா?"

மேலே இருந்தவர் தாங்களே.

தங்கள் மேசைக்கு எதிரே அவரை உட்காரவைத்தீர்கள். மூன்று முறை தும்மினீர்கள். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, "தங்கச்சி, உங்களிட்டப் பிறப்புப் பத்திரம் இல்லையோ?" என்றீர்கள்.

"தோட்டத்துக் கிராணி டவுனுக்குப் போயி பதியவே இல்லீங்கய்யா. மருந்துக்காரரு நோட்டுல மட்டும் எழுதியிருக்கு. தோட்டத்த வித்து வீடு கட்டிட்டாங்க. நோட்டு இங்க வந்திருச்சுன்னு சொன்னாங்க. எனக்கு இன்னும் குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கற சிவப்பு அடையாள அட்ட, சிவப்பு ஐசிதான். எங்க வீட்ட ஒடைக்கப் போறாங்கன்னு கதவுல தாள் ஒட்டிட்டாங்க. கவர்மெண்டு பிளாட்டுக்குப் பேரு குடுக்கணும்னா குடிமக்களோட நீல ஐசி வேணும், இல்ல நான் இங்கதான் பொறந்தேன்னு ஒரு கடுதாசி வேணும். மார்ச்சு பதினஞ்சு, சனிக்கிழம மத்தியானத்தோட லிஸ்ட்ட மூடிருவாங்க."

"விதி எண்டொண்டு இருக்குது, தங்கச்சி."

"இருக்கட்டும்யா. எனக்கும் மூணு புள்ளைங்க இருக்கு."

தாங்கள் பதிவேட்டை வரவழைத்தீர்கள். மேசைமேல் வைத்தீர்கள். முத்திரையைப் பார்த்தீர்கள். விதிநூலையும் பார்த்தீர்கள். இரகசியம் என்று வகைப்படுத்திய அதிகாரியைத் தவிர வேறு எவரும் அதைத் திறக்கலாகாது என்று அதில் இருந்தது. வகைப்படுத்தியவர் யார் என்று பார்க்க அதற்கான குறிப்பேட்டைப் புரட்டினீர்கள். அதில் அந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தலைமையகத்துக்கு எழுதினீர்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வகைப்படுத்திய அதிகாரி யார் என்பதை வகைப்படுத்திய அதிகாரியிடம் கேட்டு எழுதி அனுப்பவும். எங்கள் தட்டச்சாளர் சந்திரிகா அப்பதிலை இருமுறை உரக்கப் படித்தார். இருமுறையும் அதே பொருள்தான் வந்தது. இடையில் அம்மையார் நான்கு முறை வந்தார். நாங்கள் அவர் வருவதை வாசனையிலேயே அறிந்து கைக்குட்டையோடு காத்திருக்கப் பழகினோம். நான்காம் முறை அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அன்று யாரும் தும்மியதைப் பற்றி வேடிக்கை பேசவில்லை.

மார்ச்சு ஆறு, வியாழக்கிழமை. பட்டியல் மூட ஒன்பது நாள். "மறுப்பு சரி" என்ற முடிவை மூன்று படிகளில் தட்டச்சுச் செய்து சந்திரிகா தங்கள் முன் வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தீர்கள். பிறகு, பழக்கம் விடவில்லை. "அதை இன்னொருக்காக் கொண்டு வாங்கோ" என்றீர்கள். சீனி முகம்மது பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் நகரவில்லை.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த முடிச்சு ஒங்க முடிச்சுல்ல?"

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தீர்கள். முடிச்சைப் பார்த்தீர்கள். இருமுறை சுற்றிய கயிறு. உள்ளே செருகிய வால். முக்கோணமாக மடித்த மூலைகள். உறையைக் கழற்றுவது பதிவேட்டைத் திறப்பது ஆகுமா என்று விதிநூலை எடுத்து நாற்பது நிமிடம் பார்த்தீர்கள். (அந்த நாற்பது நிமிடத்தில் எங்களில் ஒருவரும் கழிவறைக்குக்கூடப் போகவில்லை என்பதை வரலாற்றின் பொருட்டுப் பதிகிறோம்.) ஆகாது என்று தீர்மானித்து, முடிச்சைத் தாங்களே அவிழ்த்து, உறையைக் கழற்றி விரித்தீர்கள். உள்ளே மடிந்திருந்த பகுதியில் நம் அலுவலக முகவரி. அது தலைமையகத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் வந்த பெரிய உறை. இரகசிய முத்திரை, அந்த உறைக்குள் வந்த சுற்றறிக்கைக்கு உரியது. அடியில் நீலத் துணி அட்டையோடு இருந்த பதிவேட்டில் எந்த முத்திரையும் இல்லை. ஒரு குழந்தையின் நெற்றிபோல் சுத்தமாக இருந்தது.

அந்தச் சுற்றறிக்கை எதைப் பற்றியது என்று தேடி எடுத்தோம். அலுவலகங்கள் தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது பற்றியது.

தாங்கள் நாற்காலியில் சாய்ந்தீர்கள். அதுவரை தாங்கள் சாய்ந்து நாங்கள் பார்த்ததில்லை. "இதை நான்தான் சுத்தினனான்" என்றீர்கள். "பதின்மூண்டு வருசம். பதினாறு பேர்."

ஜெயராஜ்தான் முதலில் வாய் திறந்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதை அவருடைய வேண்டுகோளின்படி இங்கே குறிப்பிடுகிறோம்.

"அண்ணே, ஒண்ணும் ஆகல லா. அந்தக் கவரக் கிழிச்சுப் போட்டுட்டு வேற கவர் போடுங்க. புக்கு கெடச்சிருச்சுன்னு அந்தக்காகிட்ட சொல்லிருவோம். யாருக்கண்ணே தெரியப் போவுது?"

"மற்றப் பதினாறு பேருக்கு?"

"அவங்கதான் கேக்கவே இல்லியே."

"கேக்கேல்லை எண்டது அவையின்ர பிழையோ?"

"ஒங்க பென்ஷன் பேப்பர் இன்னும் கையெழுத்தாகலண்ணே. எட்டு வாரம்தான் இருக்கு. இப்பப் போயி நானே தப்பு பண்ணேன்னு எழுதுனீங்கன்னா, எங்கெங்கேயோ சுத்தும்."

"சுத்தட்டும். நானும் நல்லாத்தான் சுத்தி வைச்சிருக்கிறன்."

அதைச் சொல்லும்போது தாங்கள் சிரித்தீர்களா என்பதில் பணியாளரிடையே இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. சந்திரிகா தட்டச்சுச் செய்திருந்த மூன்று படிகளையும் குறுக்கே கோடிட்டீர்கள். கிழிக்கவில்லை, பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்தப் பின்பக்கத்தில் பச்சை மையில் எழுதினீர்கள்: "மறுப்பு தவறு. பதிவேடு ஒருநாளும் இரகசியமாக இருந்ததில்லை. உறையைத் தவறாகப் போட்டவன் நான். இதன் காரணமாக முன்பு மறுக்கப்பட்ட பதினாறு பேருக்கும் தனித்தனியே கடிதம் எழுதப்பட வேண்டும்." கையெழுத்திட்டு, நாளிட்டு, மை காயும் வரை ஊதினீர்கள். ஓ, நேர்மையின் நெடுமரமே! எழுத்தர் உலகில் தம் பிழையைத் தாமே கண்டவர் சிலர். கண்டதைக் கோப்பில் சேர்த்தவர் எத்தனை பேர்!

எங்கள் கவலை அதோடு தீரவில்லை. பதிவேட்டில் அம்மையாரின் பெயர் இருக்க வேண்டுமே! மறுநாள் காலை நவமணி அம்மையார் முன்னிலையில் தாங்கள் ஏடுகளைப் புரட்டினீர்கள். கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது. முப்பத்தேழாம் ஆண்டில் பாதி இல்லை. முப்பத்தெட்டில் மூன்று பக்கம் இல்லை. முப்பத்தொன்பதுக்கு வந்தபோது அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். அங்கே கரையான் தின்றது போதும் என்று நின்றுவிட்டிருந்தது. தாங்கள் விரலை வைத்துப் படித்தீர்கள்: "ஆகஸ்டு பத்தொன்பது. தாய் முத்தாயி, பால்வெட்டு. பெண் குழந்தை, நவமணி. எடை ஆறு ராத்தல். அழுகை பலமாக இருந்தது."

அம்மையார் கண்ணைத் திறந்தார். "அந்த மருந்துக்காரருக்குக் கேட்டிருக்கு, பாருங்க" என்றார். "இங்கதான் யாருக்கும் கேக்கல."

பிறகு அவர் அழுதார். அதையும் தாங்கள் குறிப்பில் சேர்க்கலாம்; பலமாகத்தான் இருந்தது. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் இன்னும் பலமாயிற்று. சீனி முகம்மது ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். சான்றிட்ட நகலைத் தாங்களே எழுதி, முத்திரை குத்தி, நல்ல முத்திரைதானா என்று ஒருமுறை பார்த்துக் கொடுத்தீர்கள். பட்டியல் மூட எட்டு நாள் இருக்கையில் அவர் பெயர் அதில் ஏறியது. இம்மாதம் பத்தாம் தேதி மூன்றாம் மாடியில் வீடு என்று முடிவாகியது. மூன்றாம் மாடி என்றால் காற்று நன்றாக வரும் என்று அம்மையார் வந்து சொல்லிப் போனார். எங்கள் நிம்மதியின் முதற்பகுதி இது.

இரண்டாம் பகுதி தலைமையகத்திலிருந்து வந்தது. தங்கள் ஒப்புதல் குறிப்பை அனுப்பிய நாள் முதல், தபால்காரர் வரும்போதெல்லாம் ஜெயராஜ் எழுந்து நிற்பார். ஏப்ரல் பதினாறாம் தேதி பதில் வந்தது. இரண்டே வரி. "குறிப்பு கண்டோம். இனிமேல் புதிய தாள் பயன்படுத்தவும்." அத்தோடு புதிய தாள் கோருவதற்கான பாரம், மூன்று படிகளில். ஓய்வூதியத் தாள்களும் அதே உறையில் கையெழுத்தாகி வந்திருந்தன. அவ்வுறையைத் தாங்கள் பிரித்துத் தேய்க்கத் தொடங்கியபோது சந்திரிகா அதைத் தங்கள் கையிலிருந்து மரியாதையோடு வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். முப்பத்தைந்து ஆண்டில் நம் அலுவலகத்தில் முழுதாக வீணான முதல் உறை அதுவே.

பதினாறு கடிதங்களையும் தாங்களே கையால் எழுதினீர்கள். ஒன்பது பேர் நேரில் வந்தனர். நால்வர் பிள்ளைகளை அனுப்பினர். இரண்டு கடிதம் முகவரி தவறென்று திரும்பி வந்தன. அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனீர்கள். ஒன்றை, சிம்பாங் அம்பாட்டில் ஆலைக் காவலாளியாக இருந்த ஒருவரிடம் வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தீர்கள். மற்றொன்றுக்கு உரியவர் நாலாண்டுக்கு முன்பே காலமாகியிருந்தார். அவர் மகளிடம் கொடுத்தீர்கள். "எங்கப்பா சிவப்பு ஐசியோடயே போயிட்டாருங்க" என்று அந்தப் பெண் சொன்னதாகத் திங்கட்கிழமை காலை சொன்னீர்கள். அன்று தாங்கள் கோப்பி குடிக்கவில்லை. எங்கள் நிம்மதிக்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று போட்டது அதற்காக. அச்சொல்லை எடுத்துவிட்டால் மடல் அழகாக இருக்கும் என்று சிலர் கருதினர். எடுத்தால் தாங்கள் மடலை ஏற்கமாட்டீர்கள் என்று அச்சொல்லை அப்படியே விட்டுவைத்தோம்.

பதினாறாமவர் முனுசாமி என்பவர். எழுபத்தாறில் கேட்டு, மறுக்கப்பட்டுப் போனவர். அவரிடமிருந்து மட்டும் இன்றுவரை பதில் இல்லை. ஆறு வாரமாகத் தினமும் மாலை முகப்புக்கு வந்து, "ஆரும் வந்தவையோ?" என்று கேட்டுவிட்டு ஃபெரிக்குப் போகிறீர்கள். இனி அக்கேள்வியை நாங்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பதிவேடு முகப்பின் இடப்புறத்து முதல் தட்டில், உறையின்றி, எவர் கேட்டாலும் கைக்கு எட்டும்படி இருக்கும்.

சான்றோரே! சிக்கனச் செம்மலே! பிழையிலும் பெருமை பெற்ற பெருந்தகையே! தங்கள் ஓய்வுக்காலம் கரையான் தொடாத ஏடுபோல் நீள்க! தாங்களும் தங்கள் இல்லாளும் மக்களும் நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க! தாங்கள் கேட்கும் எதையும் எந்த முகப்பிலும் எவரும் மறுக்காதிருக்க! மறுத்தால், அதற்கு மேல் யார் இருக்கிறார் என்று கேட்கும் துணிவு தங்களுக்கும் வாய்க்க! பாலம் இன்னும் நிற்கிறது என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

இத்துடன் வழங்கும் சுவர்க் கடிகாரம் புத்தம்புதுப் பழுப்புத் தாளில் சுற்றப்பட்டுள்ளது. தாளின் இருபுறமும் ஐந்து பேர் தனித்தனியே பார்த்துச் சான்றளித்திருக்கிறோம். முடிச்சு மட்டும் சரியாக வரவில்லை. வீட்டுக்குப் போய் அவிழ்த்து மறுபடி கட்டிக்கொள்ளவும்.

என்றும் தங்கள் மதிப்பை மறவாத,
பழைய பதிவேடுகள் காப்பகப் பணியாளர்கள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.
30 ஏப்ரல் 1986

விழா தொடங்கக் காத்திருந்த வேளையில், கண்ணாடிச் சட்டத்தில் போடுமுன், மடலின் அடியில் பேனாவால் சேர்த்தது:

இன்று மாலை மூன்றரைக்கு, பூமாலையும் வடையும் மேசைமேல் தயாராக இருந்தபோது, முகப்பில் ஒரு முதியவர் வந்து நின்றார். மழையில் நனைந்த கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். "இதுல கையெழுத்துப் போட்டவரு யாருங்க?" என்றார். "மகன் வீட்டுக்குப் போயி, மக வீட்டுக்குப் போயி, சுத்திச் சுத்தி நேத்துதான் என் கைக்கு வந்துச்சு."

அவர் முனுசாமி. ஜெயராஜ் பதிவேட்டை எடுக்கப் போனார். தாங்கள் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தாங்களே எடுத்துவந்து, ஏட்டைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினீர்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

"பத்து வருசமாச்சுங்கய்யா" என்றார். "நான் இங்கதான் பொறந்தேன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு."

"இஞ்சைதான் பிறந்தனீங்கள், அண்ணே" என்றீர்கள். "நான் பாத்திட்டன்."

இதை எழுதும் வேளையில் தாங்கள் இருவரும் முகப்புப் பெஞ்சில் அமர்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறீர்கள். விழாத் தலைவரும் விருந்தினரும் மண்டபத்தில் காத்திருக்கிறார்கள். விழா இப்போது நாற்பது நிமிடம் தாமதம். தங்கள் முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் இதுவே தங்களால் நேர்ந்த முதல் தாமதம். பணியாளர் கூடி இதனை மறுபரிசீலனை செய்தோம். தங்கள் மேசையிலிருந்து பச்சை மைப் பேனாவைக் கேளாமல் எடுத்து எங்கள் முடிவை இங்கே பதிகிறோம்:

தாமதம் சரி.